சூடத்தில் கட்டிய வாய்

என் தம்பி ஹரிதாஸைப் பற்றிப் மலாக்காப் பக்கம் எங்கள் பெம்பானில் யாரைக் கேட்டாலும் "தங்கமான பையன்" என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன் அவன் தெருவில் வந்தால் கதவைச் சாத்தியதும் இதே ஆட்கள்தான். யார் யார் சாத்தினார்கள் என்று வீட்டு எண்ணோடு இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். எனக்கு மறதி கிடையாது, மன்னிக்கும் குணமும் கொஞ்சம் குறைவு.

நான் மோகனா. அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். இடைநிலைப்பள்ளிக் கண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிப் போடுகிறேன். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைக் காகிதத்தில் எழுத முடியாது.

எங்கள் கதையை அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா பெரியதம்பி செம்பனைத் தோட்டத்தில் லாரிக்குக் குலை ஏற்றுகிறவர். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல குடிகாரர். அம்மா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் அவரை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று அப்பா சத்தியம் செய்தார். இருபது நாள் தொடவில்லை. இருபத்தோராம் நாள் தொட்டார். மறுநாள் காலை லாரி மேலிருந்து தலைகுப்புற விழுந்து செத்தார். மழையில் குலை வழுக்கிவிட்டது என்றுதான் கூட நின்ற மேற்பார்வை மண்டோர் சொன்னார். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. சாமி முன்னால் சூடம் அடித்துவிட்டு வாக்கு மாறினால் இதுதான் கதி என்றது. அம்மாவும் கண்ணை மூடும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா போனபோது ஹரிக்கு ஏழு வயது. அவன் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

பதினெட்டு வயதில் அவன் சாபு என்ற போதைப்பொருளை இழுக்க ஆரம்பித்தான். லாரி அட்டெண்டன் வேலைக்குப் போன இடத்தில் பழகியது. தூக்கம் வராது, தெம்பாக இருக்கும் என்று யாரோ கொடுத்தார்களாம். தெம்பு வந்ததோ என்னவோ, வீட்டில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு நாள் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பிலிருந்து கேஸ் தோங்கைக் கழற்றிக்கொண்டு போனான். இரண்டு தடவை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினோம். இரண்டு தடவையும் குண்டாகித் திரும்பி வந்து, மூன்று மாதத்தில் பழையபடி எலும்பானான்.

மூன்றாவது முறை யாரும் அனுப்பவில்லை. இருபத்தொரு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தானே நடந்து முனியாண்டி கோயிலுக்குப் போய்ப் பூசாரி சேகரனிடம் சூடம் கேட்டான். அப்பா அடித்த அதே இடத்தில் அடித்தான். அன்றோடு நின்றது. எந்த மருந்தும் இல்லை, எந்த மந்திரமும் இல்லை. பயம்தான். பிறகு ஒரு நாள் அவனே என்னிடம் சொன்னான்: "எனக்கு மன உறுதின்னு ஒண்ணு கெடையாதுக்கா. அந்தச் சத்தியம் ஒண்ணுதான் இருக்கு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொங்குறேன்."

பிறகு சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக் குத்தகையாளரிடம் சாரம் கட்டும் வேலை கிடைத்தது. அங்கே நினைத்த நேரத்தில் சிறுநீர் பரிசோதிப்பார்கள். அந்த நாட்களில் ஹரி வீட்டுக்கு வந்து "பாஸ்" என்று மட்டும் சொல்வான். நானும் "சாப்பிடு" என்று மட்டும் சொல்வேன். எங்கள் வீட்டில் கொண்டாட்டம் என்றால் அவ்வளவுதான்.

போன வருஷம் ஷெர்லீன் என்ற பெண் மலாக்கா டவுனிலிருந்து வந்தாள். ஓர் அறவாரியத்தில் வேலை. போதை, அடிதடி இரண்டிலிருந்தும் பையன்களைக் காக்கப் பெரியவர்கள் பேசிப் பயனில்லை, அவர்கள் வயதை ஒட்டியவர்களே பேச வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அதில் எனக்கும் உடன்பாடுதான். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் ஒருவர் மேடையேறி "போதையை ஒழிப்போம்" என்று கத்துவார். பையன்கள் அந்த நேரத்தில்தான் கண்டீனுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் செய்வார்கள்.

ஹரியைத் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போய் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சான்றிதழும் நீல டி-சட்டையும் கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் பெம்பான் பொது மண்டபத்தில், சுற்றி உட்கார்ந்து பேசுகிற வட்டம் தொடங்கியது. பன்னிரண்டு பையன்கள் வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் போட்ட மீ கோரேங்குக்கு வந்தார்கள். மூன்று வாரம் சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவினார்கள், போனார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் அந்த விதிமுறைத் தாள்தான். ஹரி முதல் நாளே அதைப் படித்துக் காட்டியிருந்தான். இங்கே பேசியது வெளியே போகாது என்று முதல் வரி. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்லப்படும் என்று இரண்டாவது வரி. இரண்டாவது வரியைக் கேட்டதும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கேங்கில் ஒரு கால் இருந்தது. "அப்ப போட்டுக் குடுப்பீங்க லா" என்றான் ஒருவன்.

நான்காம் வாரம் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். "அண்ணே, பேப்பர்லாம் வேண்டாம். முனியாண்டி கோயில்ல சூடம் அடிங்க. அப்ப நம்புறோம்."

அவனும் அடித்தான். பன்னிரண்டு பேரும் சுற்றி நிற்க, "நீங்க என்கிட்ட சொல்றது எதுவும் என் வாயிலருந்து வெளிய போகாது" என்று சத்தியம் செய்தான். அந்த இரண்டாவது வரியைச் சேர்க்கவில்லை. சூடம் அடிக்கிற நேரத்தில் "ஆனால்" என்று யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் சத்தியம் என்றால் முழுச் சத்தியம்தான். ஷெர்லீன் பிறகு கேட்டபோது, எல்லா விதியையும் விளக்கிவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு வட்டம் வட்டமானது. பையன்கள் பேசினார்கள். எவன் போதைக்குக் கெத்தும் இலைத் தண்ணி குடிக்கிறான், எவன் அப்பா எதனால் அடிக்கிறார், எவனுக்கு யார் பாக்கெட்டைக் கொடுத்து எங்கே சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எல்லாம் வந்ததாம். ஹரி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான்கு பேர் கெத்தும் தண்ணியை விட்டார்கள். எனக்கு அது கண்டீனிலேயே தெரிந்தது. காலையில் பசியாற வந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் நிவேந்திரன். ஐந்தாம் படிவம். பதினேழு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அம்மா பவானேஸ்வரி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. குரல் உடைந்தும் உடையாமலும் இருக்கும். "அக்கா, தவ்கே போடாதீங்க, மண் வாசம் வருது" என்று தினமும் சொல்வான். நான் தினமும் திட்டுவேன், தினமும் அந்த முளைப்பயறைப் போடாமல் கொடுப்பேன்.

பங்குனி பால்குடத்துக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு அவன் ஹரியோடு நின்று பெரிய குவாலிச் சட்டியைத் தேய்த்துக் கொடுத்தான். தேய்த்துக்கொண்டே சொன்னான். இதெல்லாம் ஹரி வெகு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னான், ஆனால் நடந்த வரிசையில் எழுதுவதுதான் நியாயம்.

"அண்ணே, தைகோ எனக்கு ஒரு வேல குடுத்திருக்காரு."

தைகோ என்றால் கேங்குக்குத் தலைவன். பெயர் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம்.

"என்ன வேல?"

"பால்குடத்தன்னைக்கு தஞ்சோங் கிளிங் பையன் ஒருத்தன் வருவான். கணேஸ்வரன். அவன வெட்டணும்."

ஹரி குவாலியைக் கீழே வைத்துவிட்டான்.

"உன்னைய ஏண்டா சொல்றாங்க?"

"எனக்குப் பதினெட்டு ஆகல லா. பிடிச்சாலும் பெரிய ஜெயில் இல்லையாம். ரெண்டு மாசம் போனா ஆயிரும். அதுக்குள்ள செய்யணுமாம்." சொல்லிவிட்டு அவன் மறுபடியும் குவாலியைத் தேய்த்தானாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானேண்ணே?"

மாட்டேன் என்று ஹரி தலையை ஆட்டினான்.

கணேஸ்வரன் யாரென்று பிறகு தெரிந்தது. சுங்கை ஊடாங்கில் வெல்டிங் பழகுகிற பையன், பத்தொன்பது வயது. ஃபுட்சால் திடலில் தைகோவின் மச்சானை எல்லார் முன்னாலும் அறைந்திருக்கிறான். அவ்வளவுதான். ஓர் அறைக்கு ஒரு வெட்டு என்று கணக்குப் போட்ட மனிதன் குளிரூட்டிய வீட்டில் இருக்க, வெட்டுவதற்கு என் கண்டீன் பையன்.

அந்த எட்டு நாளும் ஹரி எப்படி இருந்தான் என்று நான் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை. சோற்றைப் பிசைந்தான், எழுந்தான். நான் மறுபடியும் சாபுவோ என்று பயந்து அவன் சட்டைப் பையை, தலையணையை, மோட்டார் சீட்டுக்கு அடியைக் கூடத் தேடினேன். ஒன்றும் இல்லை. புதன்கிழமை ஆலையில் பரிசோதனை நடந்தது. "பாஸ்" என்று வந்து நின்றான். பிறகு நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, சூடம் அடிச்ச சத்தியத்த நல்லதுக்காக மீறினா என்ன ஆகும்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னடா விஷயம், யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் தன் பழைய சத்தியத்தைத்தான் கேட்கிறான், எங்கோ வழுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்பாவக் கேட்டுப் பாரு. லாரிக்கு மேலருந்து பதில் சொல்வாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன், எதற்கும் வருந்தியதில்லை. இந்த ஒரு பேச்சை மட்டும் திரும்ப எடுக்க முடிந்தால் என் நாக்கையே கொடுப்பேன்.

வியாழக்கிழமை அவன் பூசாரி சேகரனிடம் போனான். விஷயத்தைச் சொல்லாமல், ஒரு சத்தியத்தை இறக்கி வைக்க வழியுண்டா என்று மட்டும் கேட்டான். உண்டு என்றார் பூசாரி. "அன்னைக்கு யாரெல்லாம் சுத்தி நின்னு கேட்டாங்களோ, அத்தன பேரும் திரும்ப வந்து நிக்கணும். ஒவ்வொருத்தரும் 'விட்டோம்'னு சொல்லணும். ஒருத்தன் கொறஞ்சாலும் செல்லாதுப்பா."

பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேர் தைகோவின் மோட்டாரைக் கழுவுகிறவர்கள். சத்தியத்தை விடச் சொல்லி ஹரி எல்லாரையும் கூப்பிட்டால், அன்றைக்கு மாலையே யாரோ வாய் திறந்திருக்கிறான் என்று தைகோவுக்குத் தெரிந்துவிடும். யார் திறந்தான் என்று கண்டுபிடிக்கவும் நேரம் ஆகாது. சொல்லாமல் இருந்தால் கணேஸ்வரன். விடச் சொல்லிக் கேட்டால் நிவேந்திரன். கேட்காமல் மீறினால் ஹரியே. ஏனென்றால் அவனுக்கு இரண்டு சத்தியமும் ஒரே சாமி முன்னால், ஒரே கையால் அடித்தது. இது உடைந்தால் அதுவும் உடையும் என்று நம்பினான். அது உடைந்தால் என்ன ஆவான் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அந்த நம்பிக்கையை முட்டாள்தனம் என்று படித்தவர்கள் சொல்லலாம். நாலு வருஷமாக அவனை உயிரோடு வைத்திருந்தது அந்த முட்டாள்தனம்தான்.

வெள்ளிக்கிழமை பவானேஸ்வரியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். அவள் தேத்தண்ணி கலந்து கொடுத்தாள். மகன் இப்போதெல்லாம் சீக்கிரம் வீட்டுக்கு வருகிறான், உங்கள் வட்டத்தால்தான் தம்பி என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

வாயைத் திறக்க முடியாதவன் வேறு வழி தேடினான். திங்கட்கிழமையே நிவேந்திரனை வற்புறுத்திக் காப்புக் கட்ட வைத்திருந்தான். பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருப்பார்கள். காப்புக் கட்டிய கை கத்தியைத் தொடாது. எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட ரவுடியும் அதை மீறியதில்லை. பையன் மறுக்காமல் கையை நீட்டினான். காப்பு அந்தப் பையனைப் பிடித்து வைக்கும், பால்குடத்தன்று தான் அவன் நிழலாக நடந்தால் போதும், அதற்குப் பிறகு கிள்ளானில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம்.

சனிக்கிழமை வட்டத்துக்கு நிவேந்திரன் வந்தான்.  மீயைப் பாதியில் வைத்துவிட்டு ஹரியையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பு, விரதம், களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பால்குடம் கிளம்பியது. ஹரி நீல டி-சட்டையைப் போட்டுக்கொண்டு நிவேந்திரனை ஒட்டியே நடந்தான். உருமி மேளம் காதைப் பிளந்தது. பையன் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக நடந்தான், ஒழுங்காகப் பாலை ஊற்றினான். நான் அன்னதானத்துக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். இருவரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹரியின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். "ரெண்டு தண்ணி போத்தல் எடுத்துட்டு வரேன்டா" என்று எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது இலையில் சோறு இருந்தது. பையன் இல்லை. இலை ஓரத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. பல்லால் கடித்து அறுத்திருந்தான். காப்புக் கட்டிய கையோடு செய்யக் கூடாது என்று அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது பாருங்கள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து கத்தல் கேட்டது. பாராங் கத்தியை யாரோ உருமி மேளத்து உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே வெட்டு. கணேஸ்வரன் தலையைக் காக்கக் கையைத் தூக்கியிருக்கிறான். கையில் விழுந்தது.

கணேஸ்வரன் பிழைத்தான். கையையும் ஒட்ட வைத்தார்கள். ஆனால் விரல்கள் மடங்காது. வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க முடியாது, சோற்றையும் அள்ள முடியாது. நிவேந்திரன் ஓடக்கூட இல்லை. பாராங்கைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. தைகோ சொன்னபடியே வயதைப் பார்த்தார்கள். நாலு மாதம் கழித்து, இருபத்தொரு வயது வரைக்கும் தெலுக் மாஸ் பக்கமுள்ள சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பு வந்தது.

போலீஸ் ஹரியையும் கேட்டது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றான். ஷெர்லீன் கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னான். சத்தியத்தைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. பொய் சொல்ல மாட்டேன் என்று அவன் சூடம் அடிக்கவில்லையே.

வட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அடுத்த சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். அதற்கடுத்து இருபது. இரண்டாவது மாதத்தில் இருபத்துமூன்று. நிவேந்திரன் முன்னாலேயே ஹரியிடம் சொல்லியிருந்தது எப்படியோ பையன்களுக்குள் பரவியிருக்கிறது. "இந்த அண்ணனுக்கு எல்லாம் தெரியும். மாத்தா கேட்டும் வாயத் தொறக்கல லா" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. மாத்தா என்றால் போலீஸ். ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் யாரோ மண்டப வாசலில் இரண்டு பெட்டி குளிர்பானத்தை வைத்துவிட்டுப் போனார்கள். தைகோ கொடுத்தனுப்பியது என்று பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஹரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. பையன்கள் உடைத்துக் குடித்தார்கள்.

அறவாரியத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை பேர் வருகிற வட்டம் மாநிலத்திலேயே இல்லையாம். ஜாசினிலும் ஒன்று தொடங்கு, மற்றவர்களுக்கு நீயே பயிற்சி கொடு என்றார்கள். ஹரி சரி என்றான். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தைத்தான் சொல்லக் கூடாது. வேலைக்குப் போனான், வந்தான், சனிக்கிழமை போனான், வந்தான். பரிசோதனை நாட்களில் "பாஸ்" என்று சொல்வதை நிறுத்திவிட்டான். நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஷெர்லீன் எங்கள் இருவர் பெயருக்கும் சீர்திருத்தப் பள்ளியில் அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை வட்டத்துக்கு லீவு விட்டு, காலையில் நிவேந்திரனைப் பார்க்கப் போனோம். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குரல் முழுசாக உடைந்து ஆம்பிளைக் குரலாகிவிட்டது.  அம்மா வருகிறாளா, என்ன சாப்பாடு, படிக்கிறாயா என்று பேசினோம். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னான். 

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? கோவிக்கக் கூடாது."

"கேளுடா."

"நான் சொன்னத நீங்க ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

நான் ஹரியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக விளங்கியது, இவனுக்கு முன்னாலேயே தெரியும் என்று. வெங்காயம் உரித்த அந்தப் புதன்கிழமையும் அதோடு சேர்ந்து விளங்கியது.

"சத்தியம் பண்ணியிருந்தேனேடா" என்றான் ஹரி. "உங்களுக்காகத்தானே பண்ணேன்."

"தெரியும்ணே. ஆனா நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சுதான் உங்ககிட்ட சொன்னேன்." அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "நானா ஸ்டேஷனுக்குப் போனா அம்மாவ சும்மா விட மாட்டாங்க. நீங்க சொல்லி மாத்தா வந்து பிடிச்சிருந்தா என் மேல தப்பு இல்ல லா. ஸ்கூல் விட்டு வந்து தெனமும் வாசல்லயேதான் உக்காந்திருந்தேன். தெருவுல ஒவ்வொரு காடி வந்தப்பயும் எழுந்து நின்னேன். காப்பு கட்டச் சொன்னீங்க, சரி, அதுக்குள்ள சொல்லிருவீங்கன்னு கட்டிக்கிட்டேன். பந்தியில நீங்க எழுந்து போனீங்கல்ல, இப்பவாவது சொல்லத்தான் போறீங்கன்னு நெனச்சேன். தண்ணியோட வந்தீங்க. தூரத்துல பாத்தேன்."

  நேரம் முடிந்தது என்று வார்டன் சொன்னார். நிவேந்திரன் எழுந்து, நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளி வைத்து, "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளியே நல்ல வெயில். மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றோம். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்ததும் உண்மை. எதையும் செய்யவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, போன சனிக்கிழமை இன்னொருத்தன் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

ஹெல்மெட்டை மோட்டார் சீட்டில் வைத்தான்.

"யாருடா? எந்தப் பையன்?"

"சொன்னா அந்தச் சத்தியம் போயிரும்க்கா. அது போச்சுன்னா எனக்குன்னு வேற ஒண்ணும் கெடையாது. உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். அப்பாவின் கதையைச் சொல்லிச் சொல்லி அவனை அந்தக் கயிற்றில் கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போன பையன் என் கண்ணிலிருந்து போகவில்லை.

"போனா போகட்டும்" என்றேன். "சாமி கேட்டா எங்கக்காதான் சொல்லச் சொன்னான்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன். பேரச் சொல்லு."

 வெயிலில் நின்றிருந்தவனுக்குப் பல் கிட்டித்தது. பிறகு பெயரைச் சொன்னான். எந்தத் தெரு, என்ன திட்டம், என்றைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முள்ளைப் பிடுங்குகிறவன் மாதிரி நடுவில் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினான். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். நேராக அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னோம். அவளையும் அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஷெர்லீனுக்கு போன் போட்டு வரச் சொன்னோம். எல்லா இடத்திலும் ஹரியே பேசினான். இருபத்துமூன்று பேரில் இனி எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. ஒருத்தனும் வராமல் போகலாம்.

வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தியதும் அவன் சாவிக்கொத்து, போன், பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் வைத்தான். 

"அக்கா, என்னைய ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிரு. நான் என்ன சொன்னாலும், அழுதாலும், கெட்ட வார்த்தையில திட்டினாலும், காலைல வரைக்கும் தொறக்காத."

பூட்டினேன். கதவுக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்போது மணி மத்தியானம் மூன்று.